விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள்

விளம்பர ஏஜென்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வேலையைப் பெறுவதற்காக க்ளையண்டிடம் யோசனைகளை விளக்கும் பிட்ச் மீட்டிங்கில் அசத்தலாகப் பேசும் ஒருவர்தான். எங்களைப் போல ஐந்தாறு பேர் மட்டுமே இருக்கும் இடத்தில் பேசுவதற்கென்று தனி ஆள் கிடையாது. க்ளையண்ட் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவரே மறுநாள் உட்கார்ந்து எழுதுவார், பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வரைவார். சின்ன ஏஜென்சியின் பெரிய பலமே இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரீஃப், அதாவது என்ன வேலை, யாருக்காக என்று க்ளையண்ட் தரும் குறிப்பு, நாலு கை மாறிப் போகும்போது, க்ளையண்ட் பேச்சுவாக்கில் சொன்ன நல்ல விஷயம் வழியிலேயே உதிர்ந்துவிடும். 'எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் நோட்டீஸைக் கையில் வாங்கியதும் கண்ணாடியைத் தேடுவார்கள்' என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். தாளில் அது 'ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர்' என்று ஆகிவிடும். அந்தப் பேச்சை நேரில் கேட்ட டிசைனர் மட்டும்தான், யாரும் சொல்லாமலே, எழுத்தைப் பெரிதாக்குவார்.

ஒரு காலத்தில் காப்பிரைட்டர் எழுதி முடித்த தாள் ஆர்ட் டிபார்ட்மெண்டுக்குப் போகும், அங்கே படம் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். 1949-ல் நியூயார்க்கில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஏஜென்சி தொடங்கிய பில் பெர்ன்பாக், எழுதுபவரையும் வரைபவரையும் ஜோடியாக உட்கார வைத்தார். ஹெல்முட் க்ரோனும் ஜூலியன் கோனிக்கும் 1959-ல் அங்கே செய்த ஃபோக்ஸ்வேகன் விளம்பரத்தைப் பாருங்கள், பக்கம் முழுக்க வெறுமை, மேலே ஓர் ஓரத்தில் குட்டியாக ஒரு கார், கீழே 'சிறியதாக யோசியுங்கள்' (Think small) என்ற தலைப்பு. அதில் எழுத்து எங்கே முடிகிறது, லேஅவுட் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

ஆனால் இவர்களுக்காவது பெயர் கிடைத்தது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஃபைனல் ஆர்ட்வொர்க் செய்கிறவரைப் பற்றி, அதாவது முடிந்த டிசைனை அச்சுக்குத் தயார் செய்கிறவரைப் பற்றி. எல்லோரும் 'ஓகே' சொல்லிவிட்டுக் கிளம்பிய பிறகுதான் அவர் வேலை ஆரம்பிக்கும். திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் ஜொலிக்கும் நீலம், அச்சு மைக்கான சிஎம்ஒய்கே-வுக்கு மாறும்போது மங்கிவிடும், அதைச் சரிசெய்ய வேண்டும். நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமல் இருக்க, வெட்டும் கோட்டைத் தாண்டி நீட்டும் பகுதி) விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ் என்றால் இன்னொரு தலைவலியும் உண்டு: மென்பொருளில் சரியான செட்டிங் இல்லாவிட்டால் 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிப்போகும், அவர் வரிவரியாக விரல் வைத்துப் படிப்பார். எழுதிய எனக்கே கண்ணில் படாத எழுத்துப்பிழையைப் பிடிப்பவரும் அவர்தான்.

அப்புறம், க்ளையண்ட் அழைப்பை எடுத்து, 'இந்த மாற்றம் பேசிய வேலையில் இல்லை, இதற்குத் தனியாகச் செலவாகும்' என்று முகம் சுளிக்காமல் சொல்கிறவர். அவர் இல்லையென்றால் மற்றவர்கள் யாரும் இரவில் வீடு போய்ச் சேர முடியாது.

ஏஜென்சி தேடுகிறவர்கள் பழைய வேலைகளைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள், சரி. அதோடு, 'எங்கள் வேலையை யார் எழுதப் போகிறார், யார் அச்சுக்கு அனுப்பப் போகிறார், அவர்களோடு பேசலாமா?' என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஒப்புதல் கொடுத்த பிறகு, அச்சுக்கு அனுப்பும் அந்தக் கடைசி ஆளுக்கு ஒரு முழு நாளாவது விட்டுக்கொடுங்கள்.