ஒரு சின்னப் பல்சக்கரம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மைக்ரோஸ்கோப் இரண்டு வருடமாக உறை போர்த்திக் கிடக்கிறது. ஃபோகஸ் குமிழுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்காதாம், முழு ஸ்டாண்டையும் மாற்ற வேண்டுமாம். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

போன வாரம் நண்பர் ஒருவர் பாகங்களைப் பூட்டி உருவாக்கிய ஓப்பன்ஃப்ளெக்சர் மைக்ரோஸ்கோப்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இங்கிலாந்தில் உருவான வடிவமைப்பு, 2016இல் ஆய்விதழில் வெளியானது. கோப்புகள் எல்லாருக்கும் இலவசம், உடலை 3டி பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளலாம். ஸ்லைடு வைக்கும் மேடைக்குத் தண்டவாளமோ பேரிங்கோ கிடையாது. திருகைத் திருப்பினால் மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் நாணல் மாதிரி வளைந்து மேடையை நகர்த்துகின்றன. லென்ஸும் கேமராவும் சேர்ந்து தனிப் பகுதி. ஒரே திருகைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடுகிறது! இழுத்துப் பிடிக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், அறுந்தால் வேறொன்று மாட்டிவிடலாம்.

தான்சானியாவில் இதை உள்ளூரிலேயே அச்சடித்துப் பூட்டி, மலேரியா ரத்தப் பரிசோதனைக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு பல்சக்கரம் உடைந்தால் அதை மட்டும் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம்.

சரி, அடுத்த மாதம் மாணவர்களோடு சேர்ந்து ஒன்று பூட்டப்போகிறோம். பக்கத்தில் யாரிடமாவது பிரிண்டர் இருந்தால் சொல்லுங்கள்.