காசில்டவுன் மாளிகையில் இரண்டு நாட்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1758 இல் அக்கோட்டையைப் பிடித்த லாலி, பிரெஞ்சுப் படைத்தளபதியாயினும், அயர்லாந்தின் கால்வே பகுதியைச் சேர்ந்த குடும்பத்தவர். 1761 இல் அவரிடமிருந்து புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படைத்தளபதி அயர் கூட், அதே நாட்டின் லிம்ரிக் பகுதியில் பிறந்தவர். நம் கடற்கரையில் மோதிக்கொண்ட இவ்விருவரின் நாட்டில் அக்காலத்துப் பெருநிலக்கிழார்கள் எத்தகைய வீடுகளைக் கட்டினார்கள் என்று நேரில் காணும் ஆவல் எனக்கு நெடுநாளாக இருந்தது. டப்ளினில் வேலை பார்க்கும் மகளின் வீட்டில் தங்கியிருந்தபோது, கில்டேர் மாவட்டத்தில் லிஃபி ஆற்றங்கரையில் உள்ள காசில்டவுன் மாளிகைக்கு இரண்டு முறை போய்வந்தேன்.

இதைக் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கானலி. எளிய குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞராகி, 1689–91 போருக்குப் பின் பறிமுதல் செய்யப்பட்ட நிலங்களை வாங்கிச் சேர்த்து, 1715 இல் அயர்லாந்து மக்களவையின் சபாநாயகரானவர். 1722 இல் வேலை தொடங்கியது. முகப்பை வடிவமைத்த இத்தாலியரான அலெஸ்ஸாண்ட்ரோ கலிலேய், பின்னாளில் ரோமின் லாத்தரன் பேராலய முகப்பையும் வடிவமைத்தார். அவர் தாயகம் திரும்பிய பிறகு, பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் கட்டடங்களை அந்நாட்டில் நேரில் கற்றுவந்த எட்வர்ட் லவெட் பியர்ஸ் பணியைத் தொடர்ந்தார். கானலி 1729 இல் இறந்தபோது உள்வேலை முடிந்திருக்கவில்லை.

மேல்மாடிகளில் வரிசைக்கு 13 சாளரங்கள் கொண்ட நடுக்கட்டடத்தின் இருபுறமும் தூண்வரிசைகள் வளைந்து சென்று இரண்டு சிறு கட்டடங்களைத் தொடுகின்றன. ஒன்றில் அடுக்களை, மற்றொன்றில் குதிரை லாயம். நம் வீடுகளில் தாழ்வாரம் முற்றத்தைச் சுற்றி உள்முகமாக ஓடும். இங்கோ தாழ்வாரமே வெளியே வந்து, வேலைக்காரர்களின் புழங்கிடத்தையும் முகப்பின் அழகோடு சேர்த்துக் கோத்துவிடுகிறது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1738 இல் கட்டிய வீட்டில் கீழே மரத்தூண்களும் மேலே ஐரோப்பியப் பாணிக் காரைத்தூண்களும் இருப்பதை அறிந்தவர்களுக்கு, அதே தலைமுறையில் அங்கே இத்தாலிய வடிவம் அயர்லாந்தின் ஈர மண்ணில் வேர்கொண்டதைக் காண்பது தனி மகிழ்ச்சி தரும்.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது மாடிப்படிதான். கானலியின் தம்பி வழியில் வந்த டாம் கானலியை மணந்து 1759 இல் இங்கே குடிவந்த லூயிசா சீமாட்டியின் காலத்தில் அது அமைந்தது. ஒவ்வொரு படியின் ஒரு முனை மட்டும் சுவருக்குள் புதைந்திருக்கிறது. மறுமுனைக்கு அடியில் தூணோ தாங்கலோ இல்லை. ஒரு படி அடுத்த படியின் விளிம்பில் அமர்ந்து பாரத்தைக் கீழே கடத்த, சுவர் அதைப் புரளாமல் பிடித்துக்கொள்கிறது. கிராதிக் கம்பிகள் பித்தளை. தொட்டால் விரல் சில்லிடும். சுற்றுச்சுவரில் லாஃப்ரான்கினியின் சுதை வேலை. நம் கோபுரச் சுதையில் வண்ணம் முதலில் கண்ணைப் பிடிக்கும். இங்கே வெண்மையும் நிழலும் மட்டுமே. அடுத்த அறையொன்றில், லூயிசா அச்சுப்படங்களை வெட்டி, காகிதச் சட்டங்களோடு சுவரில் ஒட்டிய ஒழுங்கு இன்றும் குலையாமல் இருக்கிறது.

எனினும், என் மனம் அதிகம் ஒட்டியது மாளிகைக்குப் பின்னால் தொலைவில் நிற்கும் ஊசித்தூணோடுதான். 1739–40 குளிர்காலத்தின் கடும் உறைபனியில் உருளைக்கிழங்கு அழிந்து பஞ்சம் பரவியபோது, சுற்றுவட்டாரத்து ஏழைகளுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கானலியின் விதவை கேத்தரின் அதைக் கட்டுவித்தார். வளைவுகளின் மேல் வளைவுகளாக எழுந்து 140 அடி உயரம் நிற்கிறது. 1877–78 பஞ்சத்தில் பக்கிங்காம் கால்வாயின் சென்னைப் பகுதியும் இப்படித்தான் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கால்வாயில் பின்னர் படகு ஓடியது. ஊசித்தூணால் ஒரு பயனும் இல்லை. ஆயினும் கல் சுமந்தவன் வீட்டில் அன்று உலை கொதித்திருக்கும் என்பதால் அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1965 இல் குடும்பத்தார் மாளிகையை விற்றுவிட்டனர். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்து பாழான அதை, 1967 இல் பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபட்ட டெஸ்மண்ட் கின்னஸ் 93,000 பவுண்டுக்கு வாங்கினார்; தன்னார்வலர்கள் கூடிச் சீர்செய்தனர். 1994 இல் அரசின் பொறுப்புக்கு வந்தது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்கால நகராட்சி மாளிகையான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் மீண்டும் எழுப்பி 2021 இல் திறந்தார்கள். அதற்காக உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் காசில்டவுனின் பித்தளைக் கம்பியைப் பிடித்து இறங்கியபோது, சிறுவயதில் அப்பாவின் கையைப் பிடித்து ஏறிய மேரியின் பழைய படிகள்தாம் நினைவுக்கு வந்தன.