அடுப்படியில் நின்று கருப்பட்டி பொறுக்கிய கதை

அத்தை மகன் அமெரிக்காவில் கென்டக்கியில் இருக்கிறான். ஒரு குடும்பம் நடத்தும் விஸ்கி ஆலைக்குக் கூட்டாளிகளோடு போய், பீப்பாய் பீப்பாயாக ருசி பார்த்து, பிடித்த ஒன்றை முழுசாக வாங்கிக்கொண்டார்களாம். 200 லிட்டர் பிடிக்கும் கருக்கிய ஓக் பீப்பாய். ஒரே சரக்கை ஒரே கொட்டகையில் அடுக்கினாலும் ஒவ்வொன்றும் ஒரு ருசி, வருடாவருடம் கொஞ்சம் ஆவியாகும், அதற்குத் தேவதைகளின் பங்கு என்று பெயர் என்றெல்லாம் போனில் அளந்தான். "இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா?" என்று முடித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டாஸ்மாக்கில் போய்ப் பீப்பாயைத் தட்டிப் பார்க்க முடியாது, சரி. கருப்பட்டியைப் பார்க்கலாமே?

போன வருடம் கடையில் கண்ணை மூடிக்கொண்டு 10 கிலோ வாங்கி ஏமாந்திருந்தேன். உடைத்தால் உள்ளே மினுமினுவென்று சீனிப்பரல். வெறும் தித்திப்பு, பனையின் அந்த உப்புக்கரிப்பு துளியும் இல்லை.

இந்தப் பங்குனியில் நாகர்கோவிலிலிருந்து திங்கள்சந்தை வழியாகக் கருங்கல் பக்கம் ஒரு பனைவிளைக்கு, அதாவது பனந்தோப்புக்குப் போனேன். அண்ணாச்சி பனையேறுகிறார், அக்கா காய்ச்சுகிறார், மகன் விறகுக்கு மட்டையும் பாளையும் பொறுக்குகிறான். அவ்வளவுதான் ஆலை. காலையில் இறக்கிய அக்கானி, அதாவது பதநீர், அடுப்பில் நுரைத்துக்கொண்டிருந்தது. பொங்கி வந்தபோது அக்கா இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போட்டார்; நுரை சொன்னபடி கேட்டது.

ருசி மாறுவது எங்கே என்று கேட்டேன். "எல்லாம் கலயத்துல தேய்க்க சுண்ணாம்புல இருக்கு மக்களே. கூடினா கசக்கும், கொறைஞ்சா புளிக்கும். புளிச்ச அக்கானிய எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாவாது."

சுண்ணாம்பே தேய்க்காவிட்டால் அது கள். 1987 முதல் நம் மாநிலத்தில் அதற்குத் தடை. அத்தை மகனின் விஸ்கிக்கும் என் கருப்பட்டிக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்புதான் நிற்கிறது என்று அங்கே தோன்றியது.

ஐந்து நாள் சரக்கு ஐந்து ஓலைப்பெட்டிகளில் தனித்தனியாக இருந்தது. முதல் பெட்டி நல்ல கறுப்பு. பார்த்ததும் அதுதான் என்று நினைத்தேன். வாயில் போட்டால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. பாகு அடிப்பிடித்த நாளாம். இரண்டாவது மெத்தென்று கையில் அமுங்கியது. முந்தின ராத்திரி மழை கலயத்தில் விழுந்துவிட்டதாக அக்காவே சொன்னார். மூன்றாவது சுமார். நான்காவதைத் தொடுமுன் நாக்கு மரத்துவிட்டது. அக்கா ஒரு மாங்காய்க் கீற்றை நீட்டினார். அதைக் கடித்துவிட்டுத் தின்ற அந்த நான்காவது பெட்டி! வெளிர்ப் பழுப்பு, பார்வைக்கு ஒன்றுமில்லை. முதலில் புகை, அப்புறம் இனிப்பு, கடைசியில் மெல்லிய உப்பு. ஐந்தாவதைப் பேருக்குத்தான் தின்றேன்.

நான்காவதில் 12 கிலோ எடுத்தேன். கடையைவிட விலை அதிகம்தான். ஆனால் ஒரு கிலோவுக்கு எட்டுப் பத்து லிட்டர் அக்கானி வற்ற வேண்டும். அதற்கு அண்ணாச்சி தினம் இரண்டு வேளை பனை பனையாக ஏறி இறங்க வேண்டும். பேரம் பேச வாய் வரவில்லை.

வீட்டில் பாதியைத் தகர டின்னில் அடைத்தேன். மீதி 6 கிலோவை ஓலைப்பெட்டியோடு அம்மாவின் விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். ஆனி மழை முடிந்து திறந்து பார்த்தால் டின்னில் இருந்தது வியர்த்து அடியில் ஒட்டிக் கிடந்தது. பரண் சரக்கு கல்லாக இறுகி, நிறம் ஒரு படி ஏறி, காப்பியில் போட்டால் புகை மணம் தனியாகத் தெரிந்தது.

எடை போட்டேன்: ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு கிலோ ஈரமா வற்றியது என்று நான் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "சித்தி மவளுக்கு பிள்ளை பெத்த மருந்து கிண்ட நாலு கட்டி எடுத்தேன். நல்ல கருப்பட்டிலே!"