முடிவை வாங்க வராதவர்கள்

அரசின் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு அமைப்பில் வேலை என்று சொன்னால், கேட்பவர்கள் மருந்தையோ கதிர்வீச்சு இயந்திரத்தையோ நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தது பதிவேட்டு வேலை. மருத்துவமனை ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து ஃபைல்களைப் புரட்டி, யாருக்கு, எந்த உறுப்பில், எந்தத் தேதியில் புற்றுநோய் உறுதியானது என்று படிவத்தில் எழுத வேண்டும். எண்ணுகிற வேலைதான்.

எண்ணத் தெரியாதா என்ன என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன். அந்த வருடமே ஒரு பெண்மணியை மூன்று முறை எண்ணிவிட்டேன். ஒரு மருத்துவமனை ஃபைலில் மார்பகம், இன்னொன்றில் எலும்பு, மூன்றாவதில் நுரையீரல். நோய் தொடங்கிய உறுப்பைக் காட்டும் குறியீடு சி50, சி41, சி34 என்று மூன்று நோயாளிகளாகப் போட்டுவிட்டேன். உண்மையில் மார்பகத்தில் தொடங்கிய நோய்தான் மற்ற இரண்டுக்கும் பரவியிருந்தது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் கணினிக்கும் சந்தேகம் வரவில்லை. வயதையும் முகவரியையும் வைத்து மேலதிகாரிதான் பிடித்தார். திட்டவில்லை. “பரவின இடத்தை எண்ணாதே, பிறந்த இடத்தை எண்ணு” என்றார். அப்புறம் அந்தத் தப்பு நடக்கவில்லை. வேறு தப்புகள் நடந்தன.

இந்த எண்ணிக்கையை ஒரு மருத்துவமனை தனியாகச் செய்ய முடியாது. பெரிய மருத்துவமனைக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அங்கே கூட்டம் அதிகம் என்பதால் அந்தப் பகுதியில் நோய் அதிகம் என்று ஆகாது. நோயாளி வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்று பார்த்து, எல்லா மருத்துவமனைகள், ஆய்வகங்களின் தகவலையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். எல்லோரிடமும் போய்க் கேட்பது அரசு அமைப்புக்குத்தான் எளிது. டென்மார்க்கில் 1943 முதல் நாடு முழுவதுக்கும் இப்படிப் பதிந்து வருகிறார்கள்.

எண்ணிக்கை ஏறினால் நோய் பெருகிவிட்டது என்றுதான் எல்லோரும் பதறுவார்கள். நாங்கள் ஒழுங்காகப் பதிய ஆரம்பித்தாலே எண்ணிக்கை ஏறும். தேடினாலும் ஏறும். தென் கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்து பார்ப்பது பரவியபின், 2011-இல் தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. இறப்பு விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதாவது, கண்டுபிடித்தவற்றில் பல உயிருக்கு ஆபத்தில்லாதவை. எதைத் தேட வேண்டாம் என்று சொல்வதும் அரசு அமைப்பின் வேலை என்பது என் கருத்து. கூட்டங்களில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

என்னை மாற்றியது இறப்புச் சான்றிதழ் கட்டு. இறப்புக்குக் காரணம் புற்றுநோய் என்று இருக்கும். எங்கள் பதிவேட்டில் ஆளே இருக்கமாட்டார். அப்படிப்பட்டவரைப் பின்னோக்கித் தேடிப் போக வேண்டும். கிடைக்காவிட்டால் ‘இறப்புச் சான்றிதழ் மட்டும்’ என்ற தலைப்பில் சேர்ப்போம். அந்தத் தலைப்பில் ஆட்கள் கூடினால், உயிரோடு இருந்தபோது நாங்கள் அவர்களைத் தவறவிட்டோம் என்று அர்த்தம்.

அப்படி ஒரு கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பைத் தேடி ஒரு மருத்துவமனைக்குப் போனேன். புறநோயாளி சீட்டில் ‘பயாப்ஸி எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி, அதாவது சோதிக்கத் துளி சதை எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆய்வகத்துக்குப் போய்க் கேட்டேன். முடிவு எழுதி, கையெழுத்தாகி, உறைக்குள் இருந்தது. யாரும் வாங்க வரவில்லை. அந்த டிராயரில் வேறு உறைகளும் இருந்தன. எனக்கு வேண்டிய தேதியும் குறியீடும் கிடைத்துவிட்டன. என் படிவம் நிரம்பிவிட்டது. படிவம் நிரம்பிய நிம்மதி ஒரு கணம் வந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உலக சுகாதார அமைப்பு 2020-இல் வைத்த இலக்கை 90-70-90 என்பார்கள். 2030-க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45-க்குள் மறுமுறையும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. தடுப்பூசி போடுவதையும் முகாம் நடத்துவதையும் படம் எடுக்கலாம். மூன்றாவது எண் அந்த டிராயரில் கிடக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் சொன்னேன். “அது மருத்துவமனையின் பொறுப்பு” என்றார் ஒருவர். “நோயாளியின் பொறுப்பு” என்றார் இன்னொருவர். மேலதிகாரி, “சரி, போன் யார் செய்வது?” என்று மட்டும் கேட்டார். ஆய்வகத்திலிருந்து வாரம் ஒருமுறை, நோய் உறுதியாகியும் வாங்கப்படாத முடிவுகளின் பட்டியல் எங்களுக்கு வருவது என்றும், அழைத்து வரச்சொல்ல ஒரு செவிலியர் என்றும் முடிவானது. நோயின் பெயரைப் போனில் சொல்லக்கூடாது, மருத்துவர் பார்க்க விரும்புகிறார் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அந்தச் செவிலியரே விதி வைத்தார்.

பட்டியலின் கடைசிப் பத்தியில் மூன்று குறிப்புகள்தான் வரும்: வந்தார், வரவில்லை, எண் மாறிவிட்டது. முதல் மாதம் மூன்றாவதுதான் அதிகம். அதனால் புறநோயாளி சீட்டில் இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னோம், உறவினர் ஒருவரின் எண்ணுக்கு.