மேன்ஹோல் மூடியை மறைக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) பல வீட்டுத் தோட்டங்களில் கழிவுக்குழாய் மேன்ஹோல் மூடி ஒரு பக்கம் எழும்பியும் மறுபக்கம் அமுங்கியும் கிடக்கிறது. எங்கள் வீட்டில் அது இருப்பது செம்பருத்திக்கும் கருவேப்பிலை மரத்துக்கும் நடுவில். விடியற்காலையில் சாமிக்குப் பூப் பறிக்க அம்மா போகும் வழியும் அதுதான். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்காலும் சரியில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த இரும்பு விளிம்பில் இடித்து, கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தத்தோடு உள்ளே வந்தார். அதற்கு மேல் மூடியைச் சரிசெய்யும் வேலையைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

மூடி ஏன் சாய்ந்தது என்பதற்கும் அம்மாவிடமே விடை இருந்தது. இந்த தாமான் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தின் எட்டாம் நம்பர் காடு. அம்மா பால்மரம் வெட்டிய (பாலெடுத்த) நிரை, அதாவது மர வரிசை, மேட்டில் இருந்ததாம். எங்கள் வீட்டு வரிசை இருப்பது பள்ளத்தில். "மேட்ட வெட்டி இந்தப் பள்ளத்துல கொட்டுன மண்ணும்மா இது. மழ பேஞ்சா எறங்கத்தானே செய்யும்?" என்றார். கொட்டி நிரப்பிய மண் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். கான்கிரீட் அடித்தளத்தில் நிற்கும் மேன்ஹோல் தொட்டி அந்த அளவுக்கு இறங்காது. இரண்டுக்கும் இடையில் அவதிப்படுவது மூடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்தான். அதன் அடியில் இருக்கும் சிமெண்டுக் கலவை ஒரு பக்கம் உடைந்தால் போதும், சட்டம் சாய்ந்துவிடும்.

வேலையில் இறங்கும் முன் அது யாருடைய மேன்ஹோல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கழிவைப் பொதுக்குழாய்வரை கொண்டுபோகும் குழாயும் அதிலுள்ள மேன்ஹோலும் வீட்டுக்காரர் பொறுப்பு. பொதுக்குழாயே உங்கள் நிலத்துக்கு அடியில் போகிறது என்றால் கைவைக்கக்கூடாது. பொதுக் கழிவுக்குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் இண்டா வாட்டர் நிறுவனத்திடம்தான் சொல்ல வேண்டும். எங்களுடையது வீட்டு மேன்ஹோல்தான்.

பக்கத்துத் தாமானில் சிமெண்டு வேலை செய்யும் அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் முதலில் கடப்பாரையைத் தொடவே இல்லை. மூடியைக் கொக்கி போட்டு இரண்டு பேராகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். சட்டத்தின் பள்ளத்தில் மண், சிறுகல், துருச்செதில் எல்லாம் அடைந்திருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து மூடியைத் திரும்ப வைத்ததும் ஆட்டம் பாதி நின்றுவிட்டது. பல வீடுகளில் கோளாறே இவ்வளவுதான் என்றார். காசு வாங்கும் ஆள் இதை முதலில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொன்றிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். மூடி திறந்திருக்கும்போது யாரும் தலையை உள்ளே நீட்டக்கூடாது, இறங்கவே கூடாது, பக்கத்தில் சிகரெட்டும் கூடாது. தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்ந்திருக்கலாம். அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குவது உயிருக்கு ஆபத்து. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது.

மீதிச் சாய்வு சட்டத்தில் இருந்தது. உடைந்த துண்டுகள் குழாயில் விழுந்து அடைக்காமல் இருக்க உள்ளே பலகை கொடுத்துவிட்டு, சட்டத்தைப் பெயர்த்தெடுத்து, பழைய கலவையைக் கொத்தி எடுத்தார். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். புதுக் கலவை பரப்பி, சட்டத்தை வைத்து, ரசமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்தார்.

உயரம் பற்றித்தான் பேச்சு நீண்டது. தரையோடு தரையாக வேண்டும் என்று நான் கேட்டேன், அம்மா தடுக்கக்கூடாது என்பதற்காக. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. மழைத்தண்ணீர் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) போக வேண்டியது, கழிவுக்குழாய் வேறு. மூடி பள்ளமாக இருந்தால் மழை அதற்குள் இறங்கிக் குழாய் நிரம்பி, கழிவு வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரலாம். மூடிமேல் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். கடைசியில் மண்ணுக்குச் சற்று மேலே வைத்து, சுற்றிலும் சிமெண்டைச் சரிவாக இழுத்துவிட்டார். பால் வடிய மரத்தில் போடும் வெட்டுபோல மெல்லிய சரிவு. அம்மா செருப்பில்லாமல் காலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது போதும், இடிக்காது" என்றார்.

மதிய மழைக்குப் பயந்து மேலே தகரம் போட்டு வைத்தோம். கலவை இறுகும்வரை பூப்பறிப்பு என் வேலை. மூடி உட்காரும் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொன்னார் அண்ணன். நாற்றம் வராது, அடுத்த முறை திறக்கவும் சுலபம்.

மூடியை மண் போட்டு மூடுவதும், மேலே டைல்ஸ் ஒட்டுவதும்தான் எனக்குப் பெரிய வருத்தம். குழாய் அடைத்துக்கொண்டால் திறந்து பார்க்க இருக்கும் வாசல் அது ஒன்றுதான். எதிர்வீட்டு அக்கா மூடியின்மேல் துளசி மாடமே வைத்திருக்கிறார். நேற்று போய்ப் பேசினேன். சாமி இருக்கும் இடத்தை அசைப்பதா என்று முதலில் தயங்கினார். அம்மாவும் வந்து பக்குவமாகச் சொன்னதும் சம்மதித்துவிட்டார். நல்ல நாள் பார்த்து மாடத்தை வாசல் பக்கம் மாற்றப் போகிறோம். தூக்குவதற்குப் பையன்கள் நாலு பேர் வேண்டும், வரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.