உருமநேரத்து நிழல்: ஒரு தொடக்கக் காட்சியின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

கல்லூரியில் எங்கள் மூன்றாம் பருவத்தின் முதல் பெரிய வேலையை இன்று கொடுத்துவிட்டார்கள். அமானுஷ்யத் திகில் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை, படத்தின் பெயர் திரையில் விழும் வரை, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் எடுத்துத் தொகுத்துச் செப்டம்பர் 12-ஆம் தேதி ஒப்படைக்க வேண்டும். ஒளிப்பதிவுக்கு ஒருவன், ஒலிக்கு ஒருவன், எடிட்டிங்குக்கு ஒருத்தி என்று பிரித்தபின் இயக்கம் என் தலையில் விழுந்தது.

முதல் ஒரு மணி நேரத்தில் வந்த யோசனைகள் எல்லாம் வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம் என்றே இருந்தன. கீழக்குயில்குடி சமணர் மலையில் இரவில் எடுக்கலாம் என்று ஒருவன் சொன்னான். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், முன் அனுமதி இல்லாமல் கேமராவும் விளக்குமாக ஏற முடியாது என்பதால் அந்தப் பேச்சு உடனே அடங்கியது. உண்மையான தடை வேறு. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சிறிய எல்இடி விளக்கு. அதை வைத்துக்கொண்டு இரவை எடுத்தால் திரையில் தெரிவது பயமாக இருக்காது, இருட்டாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சிற்றூரில் ஒளிப்பதிவாளனின் அப்பத்தா வீடு இருக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு, முன்னால் சாணம் மெழுகிய அகலமான முற்றம், ஒரு மூலையில் உரல். இடம் பார்ப்பதற்காகப் பெரியார் நிலையத்தில் பேருந்து ஏறி நடுப்பகலில் போய் இறங்கினோம். எங்களைக் கண்டதும் அப்பத்தா சொன்ன முதல் வார்த்தை, "ஏத்தா, உருமத்துலயா வருவீக? செத்த வெயில் தாழ வரக்கூடாது?" என்பதுதான்.

உருமம் என்ற சொல்லை நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. உச்சிவெயில் நேரத்துக்கு எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் பெயர் அது. வெயில் ஆகாது என்பதற்காக மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. உருமநேரத்தில் பூ வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் போகக்கூடாது, கறிச்சோறு கொண்டு போனால் தூக்குச்சட்டியில் ஒரு கரித்துண்டு போட்டுக்கொள்ள வேண்டும், பின்னால் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று, ஏதோ சமையல் பக்குவம் சொல்வதுபோல அமைதியாகச் சொல்லிக்கொண்டே போனார். "ராத்திரிக்குத்தான் கதவைச் சாத்திக்கிருவோம்ல. பட்டப்பகல்ல எங்கிட்டுப் போயி சாத்துவ?" என்று அவர் கேட்டபோது எங்கள் படம் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 16, சனி

ஒலிப்பதிவு பார்ப்பவன் பள்ளி நாட்களில் வானியல் முகாம்களுக்குப் போனவன். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அந்தக் கணத்தில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழல் விழாது, அதையே நிழலில்லா நாள் என்கிறார்கள் என்று அவன்தான் நினைவூட்டினான். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சத்தில் இருப்பதால் இங்கே அது ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறையும் வருகிறது. இந்திய நேரம் கணக்கிடப்படும் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு நாம் மேற்கே இருப்பதால் நம் உச்சிப்பொழுது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. அவன் கணக்குப்படி ஆகஸ்ட் 27 அன்று 12.19-ஐ ஒட்டி வரும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் காட்சி பிடிபட்டது. முற்றத்தில் ஒரு சிறுமி வெள்ளை வேட்டி விரித்து வத்தல் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். உரல், நட்டுவைத்த கம்பு, சிறுமி ஆகிய எல்லாவற்றின் நிழலும் குறுகிக் காலடிக்குள் ஒடுங்குகிறது. எதற்கும் நிழல் இல்லாத அந்த நிமிடத்தில், ஆளே இல்லாமல் ஒரே ஒரு நீண்ட நிழல் மட்டும் வேட்டியின் மேல் நகர்ந்து வருகிறது. பேய்க்கு நிழல் கிடையாது என்றுதான் இதுவரை எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். நிழல் மட்டுமே உள்ள பேய் எனக்குப் பிடித்திருக்கிறது.

27-ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி, அதனால் விடுமுறை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தோம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சோதனைப் பதிவு. நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் உச்சிவெயிலில் படம் வெளுத்துப் போகிறது. ஒளி நுழையும் லென்ஸின் துளையை நான்கு என்ற எஃப் அளவில் வைக்க விரும்பினால் ஒளியை முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டர் தேவை. சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரை இரவல் வாங்கி அகன்ற லென்ஸில் மாட்டியதில் வானத்தில் பெருக்கல் குறி போல ஒரு கருப்பு விழுந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிலையான ஃபில்டரை வாடகைக்கு எடுத்தோம்.

ஆவணியில் யார் வத்தல் போடுவார்கள் என்று அப்பத்தா கேட்டார். பார்க்கிறவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். ஊர்ப் பிள்ளையார் கோவிலில் அதற்கு முன்பே மைக்செட் கட்டிவிட்டார்கள். முற்றத்தில் நின்றால் பாட்டு நெஞ்சுக்குள் அதிர்ந்தது. இன்றைக்கு ஒலி கிடையாது, படம் மட்டும்தான் என்று ஒலிக்காரன் அரைமணி நேரத்தில் கையை விரித்துவிட்டான்.

ஒரு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிவந்து கம்பைச் செங்குத்தாக நட்டோம். அப்பத்தா விடியலிலேயே கூழ் கிண்டி வைத்திருந்தார். நனைத்துப் பிழிந்த வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தபின், பக்கத்து வீட்டுச் சிறுமி கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றினாள். ஏழு வரிசை. அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து, "நேராப் போடுடி" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். அந்த அதட்டல் அவள் முகத்தில் வரவழைத்த கவனத்தை நான் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் வரவழைத்திருக்க முடியாது.

பதினொன்றரைக்கு மேல் மேகம் போய்வந்துகொண்டிருந்தது. 12.10-க்கு வெயில் நிலைத்தது. கம்பின் நிழல் முதலில் நான்கு விரற்கடை, பிறகு இரண்டு விரற்கடை, பிறகு கம்பின் அடியில் ஒரு கருப்பு வளையம் என்று சுருங்கியது. 12.19-க்கு உரல் தரையில் வைத்த உரலாக இல்லை, படத்தில் வெட்டி ஒட்டிய உரலாகத் தெரிந்தது. சிறுமி தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழுந்ததால் அவள் கண்குழிகள் இருண்டு, முகம் வேறு யாருடையதோ போலாகியிருந்தது. ஆறு நிமிடப் பதிவு கிடைத்தது. அதன்பின் உள்ளே போய் நீச்சத்தண்ணீர் குடித்துவிட்டு, 12.45-க்கு வேட்டியை மட்டும் நெருக்கத்தில் ஒருமுறை எடுத்தோம்.

கேமராவை அசைக்காமல் அப்படியே விட்டு, மாலை 4.30-க்கு அதே கோணத்தில் நிழலை எடுப்பதுதான் திட்டம். சூரியன் தாழ்ந்திருப்பதால் ஐந்தடி ஆளின் நிழல் ஒன்பதடிக்கு மேல் நீளும். சட்டகத்துக்கு வெளியே நடந்தால் நிழல் மட்டும் உள்ளே விழும். நடக்க வேண்டியவள் எடிட்டிங் தோழி. அவள் நடை திரையில் கல்லூரி மாணவியின் நடையாகவே இருந்தது. கடைசியில் அப்பத்தாவைக் கெஞ்சினோம். "நான் செத்த பெறகு வந்து நடக்குறேன், இப்ப என்ன அவசரம்?" என்று சிரித்தவர், பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே ஒரு தடவை நடந்தார். இடது காலைச் சற்றுத் தேய்த்து வைக்கும் நடை.

ஆகஸ்ட் 28, வியாழன்

கேமரா அசைந்திருக்கிறது. நண்பகல் பதிவையும் மாலைப் பதிவையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தபோது உரல் இரண்டாகத் தெரிந்தது. நாங்கள் திண்ணையில் கண்ணயர்ந்த நேரத்தில் ஆட்டுக்குட்டி முக்காலியின் ஒரு காலில் உரசியிருக்க வேண்டும். காலில் மயிர் ஒட்டியிருந்தது. முக்காலியின் மூன்று கால்களைச் சுற்றியும் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைக்க நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உச்சிப்பொழுதில் சூரியனின் இடம் நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பாகைதான் மாறுகிறது என்பதால் இன்றைக்கே திரும்ப எடுத்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து மூடாக்கு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எடிட்டிங் தோழிக்கு வழி கிடைத்துவிட்டது. கேமரா இடம் மாறினால் முன்னால் உள்ளவையும் பின்னால் உள்ளவையும் வெவ்வேறு அளவில் விலகும். அதனால் முழுப் படத்தையும் பொருத்த முடியாது. ஆனால் எங்களுக்கு வேண்டியது தரையில் விழுந்த நிழல் மட்டும். தட்டையான ஒரு பரப்பின் நான்கு புள்ளிகளைச் சரியாகப் பொருத்திவிட்டால் அந்தப் பரப்பு முழுவதும் பொருந்திவிடும். வேட்டியின் நான்கு மூலைகளும், கற்கள் புண்ணியத்தில், நகராமல் இருந்தன. மாலைப் பதிவின் நான்கு மூலைகளை இழுத்து நண்பகல் பதிவின் மூலைகள் மேல் வைத்தாள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 3, புதன்

ஒலிக்காக மறுபடியும் அந்த ஊருக்குப் போனோம். மைக்செட் கழற்றப்பட்டிருந்தது. உச்சிப்பொழுதில் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் மைக்கை முற்றத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். தொலைவில் பம்புசெட், கோழிகள் மண்ணைக் கிளறும் ஓசை, நடுவில் வேலிப்பக்கமிருந்து செம்போத்து ஒன்று அடித்தொண்டையில் உம் உம் என்று விட்டுவிட்டுக் குரல் கொடுத்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திகில் ஒலிகளில் நாற்பதைக் கேட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். உறுமி சேர்க்கலாமா என்ற கேள்விக்கு அப்பத்தா, இந்த முற்றத்தில் உறுமியை இழுத்தால் யார்மேல் சாமி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். சேர்க்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

தோழியின் வீட்டு மாடியில் இரவு வேலை. இன்று முழுச் சந்திர கிரகணம். ஒன்பது மணிக்கே அவள் அம்மா எங்களைச் சாப்பிட வைத்து, மிச்சச் சோற்றில் தர்ப்பையும் போட்டுவிட்டார்.

சிக்கல் நிழலின் ஓரத்தில் இருந்தது. மாலை நிழலை அப்படியே கொண்டுவந்தால் அந்தி வெயிலின் மஞ்சளும் கூடவே வந்து, நண்பகல் வெளிச்சத்தில் அழுக்காகத் தெரிந்தது. சலித்துப்போய் நிழலின் உருவத்தை மட்டும் வரைந்து கருப்பு நிரப்பி ஓரத்தைச் சீராக மங்கலாக்கினாள். உடனே அது பொய்யாகிவிட்டது. ஏன் பொய் என்று அரைமணி நேரம் புரியவில்லை. பிறகு மாலைப் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தோம்: அப்பத்தாவின் பாதத்தை ஒட்டிய இடத்தில் நிழல் கத்தி வெட்டியதுபோல இருக்கிறது, மேலே போகப் போகக் கரைந்து, தலைப்பக்கம் ஓரங்குல அகலத்துக்குப் புகைபோல இருக்கிறது. சூரியன் வானத்தில் புள்ளியாக இல்லை, அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருக்கிறது. ஆகவே, மறைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் தரைக்கும் தூரம் கூடக் கூட ஓரம் அகன்று மங்குகிறது.

ஆகவே வரைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, மாலையில் நிழல் விழுந்த சட்டகத்துக்கும் விழாத சட்டகத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்து, நிறத்தை நீக்கி, மேலே வைத்த படம் கீழுள்ளதை இருட்டாக்க மட்டும் செய்யும் மல்டிப்ளை முறையில் நண்பகல் பதிவின் மேல் வைத்தாள். கணினி மெல்ல மெல்லக் கணக்குப் போட்டு முடித்தபோது மணி பதினொன்று. வெளியே வந்து பார்த்தால், மேகத்துக்கு நடுவே நிலா முழுவதும் மூடிச் செம்புக்காசு போலிருந்தது. உள்ளே திரும்பி ஒருமுறை ஓட்டினோம். இடது காலைத் தேய்த்துக்கொண்டு, யாருமில்லாத அந்த நிழல் ஏழு வரிசை வத்தலின் மேல் ஏறி இறங்கியது. மூவரும் சத்தமில்லாமல் இருந்தோம். ஒலிக்காரன் மட்டும் எழுந்து மாடிக் கதவைச் சாத்தினான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தோராயத் தொகுப்பு மூன்று நிமிடம் பத்து நொடி. சிறுமி கிணற்றில் நீர் சேந்தும் காட்சி, எனக்கு மிகவும் பிடித்தது, போய்விட்டது. வகுப்பில் சிலரிடம் காட்டினோம். நிழல் நன்றாக இருக்கிறது, ஆனால் அதன்பின் பெயர் விழும் வரை ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். சரியான குற்றச்சாட்டு. எங்களிடம் அதன்பின் போட வேறு காட்சியும் இல்லை.

செப்டம்பர் 10, புதன்

ஊருக்குப் போய் அப்பத்தாவிடம் போன் திரையில் காட்டினோம். தன் நிழலைப் பார்த்து அவர் பயப்படவும் இல்லை, வியக்கவும் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, "ஏழு வரிசை ஊத்துனாளே, கடைசியில ஆறுதான இருக்கு?" என்றார்.

12.45-க்கு எடுத்த நெருக்கக் காட்சியில் ஆறு வரிசைதான் இருந்தது. நாங்கள் நீச்சத்தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கோழி ஒரு வரிசையைத் தின்று தீர்த்திருக்கிறது. இருபது தடவைக்கு மேல் பார்த்த நான்கு பேர் கண்ணிலும், வகுப்பில் பார்த்தவர்கள் கண்ணிலும் அது படவில்லை. பேருந்தில் திரும்பும்போது தோழி வழியெல்லாம் பேசவில்லை. அச்சம்பத்தைத் தாண்டியதும், "நிழல் கடந்துபோன பிறகு அந்த ஷாட்டை வெட்டாமல் நான்கு நொடி நிறுத்துகிறேன்" என்றாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி. நிழல் போகிறது, செம்போத்து நின்றுவிடுகிறது, வேட்டியில் ஏழாவது வரிசை இருந்த இடத்தில் ஈர வட்டங்கள் மட்டும் இருக்கின்றன. சிறுமியின் முகத்தைக் காட்டவில்லை. அந்த வெறும் வரிசையின் மேல் 'உருமம்' என்ற எழுத்து விழுகிறது. இன்று வகுப்பில் ஓட்டியபோது பின்வரிசையில் ஒருவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மிச்சமிருந்த ஆறு வரிசையையும் அப்பத்தா காயவைத்து, பொரித்து, ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பியிருக்கிறார். எந்தக் கோழி என்று மட்டும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.