நடக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள்

கம்பெனிகள் மனித உரிமைகளை மிதிக்காமல் பார்த்துக்கொள்ள அரசாங்கங்கள் போடும் "தேசிய செயல்திட்டம்" என்ற ஆவணங்களைக் கொஞ்ச நாளாகத் தேடித்தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். 2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் ரக்கி தயாரித்த வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டது. அரசு காப்பாற்ற வேண்டும், கம்பெனி மதித்து நடக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும், சாரம் இவ்வளவுதான். அதை ஒவ்வொரு நாடும் தன் ஊருக்கு ஏற்ற மாதிரி எப்படிச் செய்யப்போகிறது என்று எழுதிவைப்பதுதான் செயல்திட்டம். 2013இல் பிரிட்டன் தொடங்கியது, ஆசியாவில் 2019இல் தாய்லாந்து, அப்புறம் ஜப்பான், பாகிஸ்தான் என்று வரிசையாக வந்தன.

பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஊக்குவிப்போம், விழிப்புணர்வு ஏற்படுத்துவோம், எல்லாத் தரப்பினரோடும் கலந்து பேசுவோம். யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தேடினால் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் கிடைக்காது. ஜெர்மனி 2016 டிசம்பரில் வெளியிட்ட திட்டமும் முக்கால்வாசி அப்படித்தான். ஆனால் அதற்குள் ஒரு பத்தி இருந்தது. ஜெர்மனியில் 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனிகளில் குறைந்தது பாதியாவது, 2020க்குள் தங்கள் சரக்கு எங்கிருந்து வருகிறது, அங்கே யாருக்கு என்ன கேடு நடக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் கொண்டுவருவது உள்ளிட்ட அடுத்த நடவடிக்கையை அரசு பரிசீலிக்கும். இதுதான் அந்தப் பத்தியின் சுருக்கம்.

அது ஏதோ அதிகாரிகளின் நல்ல மனசால் வந்துவிடவில்லை. 2012 செப்டம்பர் 11ஆம் தேதி கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியே போகும் கதவுகளில் பூட்டு. அந்தத் தொழிற்சாலையின் முக்கிய வாடிக்கையாளர் கிக் என்ற ஜெர்மன் கம்பெனி. இதில் என்னால் தாங்கவே முடியாத விஷயம் என்னவென்றால், தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற தரச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். தொழிலாளர் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் சான்றிதழ்! இறந்தவர்களின் குடும்பத்தாரும் உயிர் தப்பியவரும் ஜெர்மனிக்கே போய் டோர்ட்முண்ட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2019இல் காலக்கெடு தாண்டிவிட்டது என்று தள்ளுபடியானது. கம்பெனி செய்தது சரியா தவறா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. கராச்சித் தீக்கு அடுத்த ஆண்டே, 2013 ஏப்ரலில், டாக்காவுக்குப் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். இவ்வளவு பிணங்களுக்குப் பிறகுதான் அந்த ஒரு பத்தி எழுதப்பட்டது.

சரி, 2020 வந்தது. சொன்னபடியே கணக்கெடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கம்பெனிகள் அந்த வரம்புக்குள் வந்தாலும், 455 கம்பெனிகள்தான் முறையாகப் பதில் அனுப்பின. அதில் தேறியவை 13 முதல் 17 சதவீதம். பாதி வேண்டும் என்று கேட்டதற்கு ஆறில் ஒரு பங்கு வந்திருக்கிறது. கேட்டவர்கள் நட்பாகத்தான் கேட்டார்கள், நான்கு வருடம் அவகாசமும் கொடுத்தார்கள். "தானாக முன்வந்து செய்வார்கள்" என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எங்கும் கிடைக்காது என்பது என் எண்ணம். தொழிலாளர் அமைச்சர் ஹூபர்ட்டஸ் ஹைலும் வளர்ச்சித்துறை அமைச்சர் கெர்ட் முல்லரும், இருவரும் வேறு வேறு கட்சி, சட்டம் வேண்டும் என்று நின்றார்கள். பொருளாதார அமைச்சகமும் தொழில் கூட்டமைப்புகளும் இழுத்துப் பிடித்தன. கடைசியில் 2021 ஜூனில் சட்டம் நிறைவேறி, 2023 ஜனவரியிலிருந்து 3,000 பேர் வேலை செய்யும் கம்பெனிகளுக்கும், 2024லிருந்து 1,000 பேர் உள்ளவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடப் புதிதாக எந்த உரிமையும் அது தரவில்லை. நேரடியாகச் சரக்குக் கொடுப்பவரைத்தான் முறையாகக் கண்காணிக்க வேண்டும், அவருக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றி உறுதியான தகவல் வந்தால்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் பாஃபா என்ற அரசு அலுவலகத்துக்கு அபராதம் போடும் அதிகாரத்தை அது கொடுத்தது, பெரிய கம்பெனிகளுக்கு உலக விற்பனையில் 2 சதவீதம் வரை. அரசு டெண்டரில் கலந்துகொள்ளவும் தடை போடலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தொழிலாளி அங்கே புகார் அனுப்பலாம்.

இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 2023இல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தெற்கே கிரேஃபென்ஹௌசன் என்ற நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டு லாரி டிரைவர்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, சம்பள பாக்கி வராமல் நகர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி போலந்துக்காரர். லாரிகளைப் பறித்துக்கொண்டு போக ஆட்களோடு வந்தார், போலீஸ் தடுத்தது. வசந்தகாலத்தில் ஒருமுறை பணம் வாங்கினார்கள், கோடையில் மறுபடி நிறுத்தி, சிலர் உண்ணாவிரதம் வரை போனார்கள். அந்த இரண்டாவது முறைதான் பாஃபா உள்ளே வந்தது. இந்த லாரிகளில் போவது யாருடைய சரக்கு என்ற கேள்வி எழுந்ததும் பெரிய கம்பெனிகளால் "அது எங்கள் டிரைவர் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. செப்டம்பர் கடைசியில் பாக்கி வந்து சேர்ந்தது.

இப்போது அந்தச் சட்டத்தையே தளர்த்தப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து இதேபோல ஒன்றைக் கொண்டுவந்தது, மை காய்வதற்குள் 2025 பிப்ரவரியில் "ஆம்னிபஸ்" என்று பெயர் வைத்துச் சுருக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியில் 2025இல் வந்த கூட்டணி அரசும் தன் சட்டத்தை எடுத்துவிடுவதாகத் தன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. காகிதவேலை அதிகமாம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகம் 2019இல் செயல்திட்டத்தின் முதல் வரைவை, பூஜ்ய வரைவு என்ற பெயரில், வெளியிட்டது. அதில் நம்மிடம் ஏற்கெனவே என்னென்ன சட்டங்கள் இருக்கின்றன என்ற பட்டியல்தான் பெரும்பகுதி. குழந்தைத் தொழிலாளர் சட்டம், பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்ற சி.எஸ்.ஆர். எல்லாம் உண்மைதான். இருந்தும் ஏன் நடக்கவில்லை என்று சொல்லும் இடமே இல்லை. ஜெர்மன் பத்தி மாதிரி ஒரு வரிகூட இல்லை. இத்தனை ஆண்டுகள் ஓடியும் இறுதித் திட்டம் வந்தபாடில்லை.

நடுவில், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒன்று செய்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பங்குச்சந்தையில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும். எத்தனை பேருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் கொடுக்கிறீர்கள், எத்தனை பாலியல் தொல்லை புகார்கள் வந்தன, எத்தனை நிலுவையில் இருக்கின்றன என்று நேரடியாகவே கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். ஆனால் பல கம்பெனிகளின் அறிக்கையில் புகார் என்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்றே போகிறது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் வருடம் முழுக்க ஒரு புகாரும் இல்லையென்றால், புகார் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆபீசில் மெர்ச்சண்டைசிங், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை, பார்த்தவன். தொழிற்சாலையைச் சரிபார்க்க ஆடிட் வருகிறது என்றால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரியும். நடைபாதையில் அடைத்துக் கிடக்கும் பண்டல்கள் முந்தின ராத்திரியே காணாமல் போகும். முதலுதவிப் பெட்டிக்குள் புது பஞ்சு வரும். ஒன்றரை ஷிப்ட் கணக்கு ஒரு நோட்டில், ஆடிட்டருக்குக் காட்ட எட்டு மணி நேரக் கணக்கு இன்னொரு நோட்டில். எச்.ஆர். வந்து, கேட்டால் இப்படிச் சொல்லுங்கம்மா என்று டெய்லர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். ஆடிட்டர் ஒரு பகல் முழுக்க இருந்து பத்து பேரிடம் பேசிவிட்டுக் கிளம்பினதும், சனிக்கிழமை சம்பளத்துக்கு நிற்கும் வரிசையில் பழைய நோட்டுதான் வெளியே வரும். கராச்சி சான்றிதழைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று திண்டுக்கல்லில் நடந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண்ணை அவருடைய சூப்பர்வைசரே கொன்றார். டி.டி.சி.யு. என்ற, தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், அதனிடம் துணி வாங்கும் எச் அண்ட் எம், பிறகு கேப், பி.வி.எச். எல்லோரும் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள், நம்மூர்க்காரர்களுக்குத்தான் அதிகம் தெரியாது. தையல் லைனில் வேலை செய்யும் பெண்களையே சங்கம் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்கள் ஆக்கியது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டினால், தொட்டுப் பேசினால், சொல்ல ஆள் பக்கத்து மெஷினிலேயே இருந்தாள். புகார் சொன்னவளை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் அந்த பிராண்டுகள் ஆர்டர் விஷயத்தில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றும் எழுதினார்கள். அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் அந்த ஆலையின் சரக்கை உள்ளே விடமாட்டோம் என்று நிறுத்தியது, நிலைமை திருந்தியிருக்கிறது என்று பார்த்து செப்டம்பரில் தடையை எடுத்தது.

ஒரு சங்கமும் ஒரு கம்பெனியும் எழுத முடிந்ததை ஒரு அரசாங்கம் எழுத முடியாதா? இறுதித் திட்டம் வரும்போது அதில் குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். எத்தனை கம்பெனிகள், எந்த ஆண்டுக்குள், யார் சரிபார்ப்பது, இலக்கு தவறினால் எந்தச் சட்டம் வரும் என்று எண்ணோடும் தேதியோடும் எழுதுங்கள். ஜாப் வொர்க் எடுத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளையும், வடமாநிலத்திலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள், உண்மையான கொடுமை அங்கேதான். வரைவை ஆங்கிலத்தில் இணையத்தில் போட்டுவிட்டு முப்பது நாளில் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னால் தையல்காரம்மா எப்படி அனுப்புவார்? தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்துக் கொடுத்து, கருத்துக்கேட்புக் கூட்டத்தை திருப்பூரிலும் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரிலும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள், மற்ற நாளில் வந்தால் அவர்களுக்கு ஷிப்ட் போய்விடும்.